நாலு இழைக் கம்பளி

அத்தியாயம் 14

லிஃப்ட்காரர் கண்ணாடிக்கு முன்னால் இரண்டு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு நின்றார். அவர் மேல் ஒரு கருநீல ஸ்வெட்டர் தொங்கியது. தொங்கியது என்பதுதான் சரி. போட்டிருந்தார் என்று சொன்னால் அது பொய்.

"உள்ளே இன்னொருத்தருக்கு இடம் இருக்கு. வாடகைக்கு விட்டுடலாமா?" என்றார்.

"வாயை மூடிக்கிட்டுத் திரும்புங்க" என்றாள் அவர் மனைவி.

திரும்பினார். முதுகுப் பக்கம் அதைவிட மோசம். வீட்டின் முன்னறையிலேயே கம்பளி நூல் கடை வைத்திருப்பதால் தெருவே அவளைக் கடைக்காரி என்றுதான் கூப்பிடும். எத்தனையோ ஸ்வெட்டர் பின்னிய கை அது. அந்தக் கை பின்னிய ஸ்வெட்டர், நீளத்தில் துளிக்கூடத் தப்பில்லாமல் இடுப்போடு நின்றது. அகலத்தில் மட்டும் ஆளையே காணோம். கை ஒவ்வொன்றும் தலையணை உறை மாதிரி இருந்தது.

"அந்தக் காலத்து ஆளுங்க தொளதொளன்னுதான் போடுவாங்க" என்றாள் கடைக்காரி. குரலில் வழக்கமான தெம்பு இல்லை.

"அந்தக் காலத்துல மனுஷங்க யானை சைஸுலயா இருந்தாங்க?"

"வேலைக்கு நேரமாகலை உங்களுக்கு?"

போன வாரம் படிக்கத் தவறியவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஊருக்கு ஒரு நாடகக் கம்பெனி வந்திருக்கிறது. அவர்களுடைய புது நாடகத்தில் பழைய காலத்துத் துறைமுகத் தொழிலாளிகள் ஒரு கூட்டமாக மேடை ஏறுகிறார்கள். எல்லாருக்கும் அந்தக் காலத்து ஸ்வெட்டர் வேண்டும். கம்பெனியில் உடைகளுக்குப் பொறுப்பான காஸ்ட்யூமர், பின்னும் முறை எழுதிய பழைய பின்னல் தாள் ஒன்றின் நகலைக் கொண்டுவந்து கொடுத்தார். இந்தத் தாள்களைப் படிக்கக் கம்பெனியில் ஆளில்லை என்று புலம்பினார். "இதைப் பார்த்து ஒண்ணு மட்டும் பின்னிக் காட்டுங்க. பிடிச்சிருந்தா மொத்த ஆர்டரும் உங்களுக்குத்தான்" என்றார். இன்று மத்தியானம் அதைப் பார்க்க வருகிறார்.

கடைக்கு இது பெரிய விஷயம். பெரிய கடைகளில் யந்திர ஸ்வெட்டர் மலை மாதிரி குவிந்து கிடக்கிறபோது, பின்னல் ஊசி கேட்டு இந்தத் தெருவுக்கு யார் வருகிறார்கள்? இந்த ஆர்டர் வந்தால் கடை நிமிரும். வராவிட்டால் அடுத்த குளிருக்குள் ஷட்டரை இறக்க வேண்டியதுதான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. லிஃப்ட்காரரின் தங்கை, சின்னவள், புருஷன் வீட்டிலிருந்து ஒற்றைப் பெட்டியோடு வந்து பின்னறையில் தங்கியிருக்கிறாள். முன்பு பின்னலாடைத் தொழிற்சாலையில் மாதிரி பின்னுகிற பிரிவில் இருந்தவள். அதிகம் பேசமாட்டாள். பேசாமல் இருப்பதாலேயே கடைக்காரிக்கு எரிச்சல் மூட்டுவாள்.

காஸ்ட்யூமர் முதல்தடவை வந்தபோது, அவர் எதிரிலேயே, "அண்ணி, முதல்ல அளவுக்கு ஒரு மாதிரித் துண்டு பின்னிப் பார்த்துடலாமா?" என்று கேட்டுவிட்டாள். அவ்வளவுதான். அவர் படியிறங்கியதும் கடைக்காரி வெடித்தாள். துண்டு பின்னிப் பார்ப்பது கத்துக்குட்டிகள் செய்கிற வேலை என்றாள். கடைக்கு ஒரு வாய் போதும், இரண்டு வாய் வேண்டாம் என்றாள். அதோடு விட்டாளா? அன்றைக்கே புருஷனைப் பிடித்தாள்.

"மாப்பிள்ளையை வரச் சொல்லுங்க. வந்து கூட்டிட்டுப் போகட்டும். எத்தனை நாளைக்குத்தான் இப்படி?"

லிஃப்ட்காரர் ஊரெல்லாம் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வீட்டு விவகாரம் என்று வந்தால் மட்டும் மேலேயும் போகாமல் கீழேயும் வராமல் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவார். ஆனால் இந்த முறை போன் போட்டுவிட்டார். மாப்பிள்ளை இன்று சாயங்காலம் வருகிறார். சின்னவளிடம் கடைக்காரி இதைப் பற்றி மூச்சுவிடவில்லை.

லிஃப்ட்காரர் ஸ்வெட்டரைக் கழற்றி மனைவி கையில் கொடுத்துவிட்டு, கருவிப் பையைத் தோளில் மாட்டினார். வாசல்வரை போனவர் குரலைத் தாழ்த்தினார்.

"சாயங்காலம் அவர் வர்றார். நினைவிருக்குல்ல?"

"எனக்கு இருக்கிற தலைவலி போதாதா? போங்க."

அவர் போனார். கடைக்காரி ஸ்வெட்டரை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

தாளை மறுபடி எடுத்துப் படித்தாள். நாலு இழை நூல் என்றிருந்தது. அவள் எடுத்ததும் நாலு இழைதான். முனையைப் பிரித்து எண்ணிப் பார்த்துத்தானே எடுத்தாள்! பத்தாம் நம்பர் ஊசி என்றிருந்தது. பழைய கணக்கில் நம்பர் ஏற ஏற ஊசி மெலியும் என்பது அவளுக்குத் தெரியாதா என்ன? அந்த மெல்லிய ஊசியில்தான் ஆரம்பித்தாள். துணி அட்டை மாதிரி விறைத்தது. நூலுக்குத் தகுந்த ஊசி வேண்டும் என்று தடித்த ஊசிக்கு மாறினாள். ஒன்பது அவுன்ஸ் நூல் போதும் என்று தாள் சொன்னது. அவளுக்கு அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் இழுத்தது. அந்தக் காலத்தில் எழுதியவர்கள் கஞ்சப்பிசுநாரிகள் என்று திட்டிவிட்டுத் தொடர்ந்து பின்னினாள்.

கண்ணிகள் ஊசியில் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கிறவரை அகலம் தெரியாது. பின்பக்கத்தை ஊசியிலிருந்து இறக்கியபோதே மனசுக்குள் லேசாக ஒரு சந்தேகம் தட்டியது. அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இப்போது மொத்தமும் பல்லைக் காட்டிவிட்டது.

"அண்ணி."

சின்னவள் பின்னறை வாசலில் நின்றாள். கையில் ஏதோ மடித்து வைத்திருந்தாள்.

"என்ன?"

"இதைப் பாருங்க."

மேஜைமேல் விரித்தாள். அதே கருநீலம். அதே கழுத்து. அதே விளிம்புப் பட்டை. ஆனால் இது ஸ்வெட்டர். ஒரு மனிதன் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கலாம், படியேறலாம், சண்டை போடலாம். முன்பக்கம் முடிந்திருந்தது. பின்பக்கம் முடிந்திருந்தது. ஒரு கை முடிந்திருந்தது. இன்னொரு கை பாதியில் ஊசியோடு இருந்தது.

கடைக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. விரல் நுனியால் துணியைத் தடவிப் பார்த்தாள்.

"இது எந்த நூல்?"

"மூலையில கிடந்துச்சே, குழந்தைங்க நூல். குழந்தைக்கு யாரு கருநீலம் வாங்குவாங்கன்னு நீங்க திட்டிக்கிட்டே இருப்பீங்களே, அதுதான்."

கடைக்காரி முனையைப் பிரித்தாள். எண்ணினாள். மறுபடி எண்ணினாள்.

"ரெண்டு இழைதானே இருக்கு! தாள்ல நாலுன்னு போட்டிருக்கு."

"நீங்க எண்ணினது தப்பில்லை, அண்ணி. அந்தக் காலத்துல எந்த மில்லு நூத்தாலும் ஒரு இழை ஏறக்குறைய ஒரே கனத்துலதான் இருக்குமாம். அதனால நாலு இழைன்னு சொன்னாலே எவ்வளவு தடிமன்னு எல்லாருக்கும் புரியும். இப்போ ஒவ்வொரு மில்லும் அவங்கவங்க இஷ்டத்துக்கு நூக்கறாங்க. ஒரு இழையே கயிறு மாதிரி இருக்கு. எண்ணிப் பார்த்தா ஒண்ணும் தெரியாது."

"பின்னே உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"கடைசி வரியில ஒரு அங்குலத்துக்கு ஏழு கண்ணின்னு போட்டிருக்கு. கடையில இருக்கிற நூல்ல எல்லாம் சின்னச் சின்னத் துண்டாப் பின்னிப் பார்த்தேன். இதுலதான் ஏழு வந்துச்சு. தாள்ல நீளத்தை அங்குலத்துல சொல்றாங்க, அகலத்தைக் கண்ணியில சொல்றாங்க. அதனாலதான் உங்களுக்கு நீளம் சரியா வந்து அகலம் மட்டும் ஓடிப்போச்சு."

துண்டு பின்னிப் பார்த்திருக்கிறாள்! வேண்டாம் என்று சொன்ன அதே துண்டு. கடைக்காரிக்குக் கோபம் மூக்கு நுனிக்கு வந்தது. ஆனால் எந்தப் பக்கம் பாய்வது என்று தெரியவில்லை.

"எப்போ தெரிஞ்சுது இது?"

"நீங்க பின்பக்கம் பாதி பின்னிட்டிருந்தப்போ."

"தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தியா? நான் விரல் தேயப் பின்னிக்கிட்டு இருக்கேன், நீ வேடிக்கை பார்த்துக்கிட்டு இருந்தியா?"

"கடையில ரெண்டு வாய் வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க."

சத்தமாகச் சொல்லவில்லை. குத்தலாகவும் சொல்லவில்லை. நூல் விலை சொல்கிற குரலில் சொன்னாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது கடைக்காரிக்கு. அழுத்தக்காரி, அழுத்தக்காரி என்று மனசுக்குள் திட்டினாள். திட்டிக்கொண்டே அந்தப் பாதிக் கையைத் தூக்கி அளந்தாள். தோள் வளைவு மொத்தமும் பாக்கி இருந்தது.

"மத்தியானத்துக்குள்ள முடியுமா?"

"நான் மட்டும் எல்லாத்தையும் செஞ்சா முடியாது. நீங்க துண்டுகளைச் சேர்த்து மூட்டு தைச்சுக் கொடுத்தா முடியும்."

"மூட்டு என்னடி மூட்டு, கையை இப்படிக் கொடு. நான் பின்னினா மளமளன்னு முடிச்சுடுவேன். நீ தைச்சுக்க."

வாங்கிப் பின்னினாள். சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்து, தோள் மூட்டுக்கு ஊசியில் நூல் கோத்தாள். கடைக்காரியின் விரல்கள் நிஜமாகவே வேகம். சில வரிசை ஏறியதும் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தாள். அவளுக்கே தெரிந்தது. அவள் கை இறுக்கம், சின்னவள் கை இளக்கம். கை மாறிய இடத்தில், பெல்ட்டால் இறுக்கிக் கட்டின மாதிரி துணி உள்ளே வாங்கியிருந்தது. நாடகக் கொட்டகையில் மூன்றாவது வரிசையில் இருக்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

சின்னவள் அதை மெதுவாக வாங்கினாள். ஊசியை உருவினாள். கடைக்காரி பின்னியதை வரிசை வரிசையாகப் பிரித்தாள். அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கொடுமைதான். சொந்தக் கடையில், சொந்த நாற்காலியில், தன் வேலையை இன்னொருத்தி சத்தமில்லாமல் அவிழ்க்கிறாள்! ஆனால் வேறு வழியில்லை. கடைக்காரி தையல் ஊசியை எடுத்துக்கொண்டாள்.

அப்புறம் இரண்டு பேர் ஊசியும் ஓடியது. ஒரு அம்மா வந்து பட்டன் கேட்டாள். கடைக்காரி எழுந்து கொடுத்தாள். ஒருத்தர் வந்து மழைக்கோட்டு இருக்கா என்று கேட்டார். கம்பளிக் கடையில் மழைக்கோட்டு எதற்கு இருக்கப் போகிறது என்று அவரை அனுப்பினாள். திரும்பிவந்து தோளைத் தைத்தாள். பக்கவாட்டைத் தைத்தாள். மூட்டு தைப்பதில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. சின்னவளே ஒருதரம் குனிந்து பார்த்து, "தையலே தெரியலை அண்ணி" என்றாள்.

கடைக்காரிக்கு உள்ளே ஏதோ இளகியது. இவள் வாயிலிருந்து இப்படி ஒரு வார்த்தை வந்து கேட்டதில்லை. இரண்டு பேரும் ஒரே துணியில் கை வைத்து வேலை செய்ததும் இதுதான் முதல்தடவை. வேலை ஓடுகிறது. பேச்சில்லாமலே அவளுக்குக் கத்திரிக்கோல் வேண்டும் என்று இவளுக்குத் தெரிகிறது. இப்படி ஒருத்தி கடையில் இருந்தால் நன்றாகத்தான் இருக்கும் என்று தோன்றிய அதே நிமிஷத்தில் சாயங்காலம் நினைவுக்கு வந்தது.

"ஒண்ணு கேட்டா தப்பா நினைக்கமாட்டியே?"

"கேளுங்க."

"உன் வீட்டுக்காரர் உன்னை அடிச்சாரா?"

"இல்லை."

"குடி, கிடி?"

"டீகூட ஒரு வேளைதான்."

"பின்னே எதுக்குப் பெட்டியைத் தூக்கிக்கிட்டு வந்தே?"

சின்னவள் அந்த வரிசையை முடித்தாள். ஊசியைத் திருப்பிப் பிடித்தாள்.

"ஒருநாள் வேலைக்குப் போனா என் மேஜையில வேற பொண்ணு உட்கார்ந்திருந்தா. என்னன்னு கேட்டேன். 'உன் வீட்டுக்காரர் நேத்தே போன் பண்ணி, இனிமே நீ வரமாட்டேன்னு சொல்லிட்டாரே, உனக்குத் தெரியாதா?'ன்னாங்க. வீட்டுக்கு வந்து அவர்கிட்ட கேட்டா, உனக்கு எதுக்கு இந்தக் கஷ்டம், நானே யோசிச்சு முடிவு பண்ணிட்டேன்னு சிரிச்சார். அவருக்கு அது பாசம், அண்ணி. வீடு மாத்தினதும் அப்படித்தான். எல்லாமே அப்படித்தான். ஒரு தடவைகூட என்னைக் கேட்டதில்லை."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

மறுபடி ஊசி ஓடியது. கடைக்காரி தையலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கண் மட்டும்தான் அங்கே இருந்தது. அப்புறம் நூல் எடுக்கிற சாக்கில் எழுந்து, பின்கட்டுக்குப் போய்ப் புருஷனுக்கு போன் போட்டாள். மணி அடித்து ஓய்ந்தது. லிஃப்ட் குழிக்குள் இருந்தால் அவருக்கு மணி கேட்காது. மறுபடி போட்டாள். ஐந்தாவதோ ஆறாவதோ தடவையில் எடுத்தார்.

"ஏங்க, மாப்பிள்ளையை வரவேண்டாம்னு சொல்லுங்க."

"என்னது? நீதானே வரச் சொல்லுன்னு உயிரை எடுத்தே?"

"இப்போ வேண்டாம்னு சொல்றேன். உடனே போன் பண்ணுங்க."

"பஸ் ஏறிட்டாராம். காலையிலேயே பேசினார்."

"இறங்கச் சொல்லுங்க!"

"நடுவழியிலயா? உனக்கு என்ன ஆச்சு? நான் இங்கே கயித்துல தொங்கிக்கிட்டு இருக்கேன், அப்புறம் பேசறேன்."

வைத்துவிட்டார். கடைக்காரி ஒரு நூல்கண்டைக் கையில் எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்தாள்.

"என்ன அண்ணி, முகம் ஒரு மாதிரி இருக்கு?"

"ஒண்ணுமில்லை. நீ பின்னு."

கை முடிந்தது. கடைக்காரி அதைத் தோளில் பொருத்தித் தைத்தாள். சின்னவள் ஈரத்துணி போட்டு இஸ்திரியை மேலாகக் காட்டினாள். துணி அடங்கி உட்கார்ந்தது. யானை ஸ்வெட்டரைக் கடைக்காரி சுருட்டி மேஜைக்கு அடியில் காலால் தள்ளினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது.

காஸ்ட்யூமர் ஒல்லியான மனிதர். அளவு டேப்பை மாலை மாதிரி கழுத்தில் போட்டுக்கொண்டே ஊர் சுற்றுகிறவர். ஸ்வெட்டரைக் கையில் வாங்கியதும் முன்பக்கம் பார்க்கவில்லை. உள்பக்கத்தைப் புரட்டினார். ஜன்னலுக்குப் போய் வெளிச்சத்தில் பிடித்தார். டேப்பை வைத்து ஓர் இடத்தில் கண்ணிகளை எண்ணினார். இன்னோர் இடத்திலும் எண்ணினார். பிறகு சட்டைக்கு மேலேயே போட்டுக்கொண்டு, கற்பனை மூட்டை ஒன்றைத் தூக்கித் தோளில் வைத்தார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"இதுக்கு முன்னாடி ரெண்டு ஊர்ல கொடுத்தேன்" என்றார். "ஒரு ஊர்ல போர்வை வந்துச்சு. இன்னொரு ஊர்ல கூடாரம் வந்துச்சு. இதுதான் ஸ்வெட்டர். யாரு பின்னினது?"

சின்னவள் தலையைக் குனிந்துகொண்டு மேஜைமேல் கிடந்த நூல் துணுக்குகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். எங்கள் கடையில் பின்னியது என்று சொன்னால் அது பொய்யுமில்லை. அது கடைக்காரியின் நாக்கு நுனிவரை வந்தது. சின்னவள் வாயைத் திறக்கமாட்டாள், அதுவும் நிச்சயம்.

"இவ பின்னினது" என்றாள் கடைக்காரி. "நான் பின்னினது மேஜைக்கு அடியில கிடக்கு. அதுவும் கூடாரம்தான். வேணும்னா காட்டறேன்."

சின்னவள் நிமிர்ந்தாள். காஸ்ட்யூமர் சிரித்துவிட்டார்.

"மூட்டு யாரு?"

"அது நான்."

"அதுவும் சுத்தமா இருக்கு. ஆர்டர் உங்களுக்குத்தான். நூல், ஆள், பின்னல் எல்லாம் உங்க பொறுப்பு." அவர் சின்னவள் பக்கம் திரும்பினார். "ஆனா, நீங்க எங்க கம்பெனிக்கு வர்றீங்களா? ஒரு டிரங்குப் பெட்டி நிறைய இந்த மாதிரிப் பழைய தாள் வெச்சிருக்கேன். கம்பெனியில ஒருத்தருக்கும் படிக்கத் தெரியலை. நூல் பேரு புரியலை, ஊசி நம்பர் புரியலை. ஊர் ஊரா எங்ககூட வரணும். தங்க இடம், சாப்பாடு எல்லாம் கம்பெனி பார்த்துக்கும். நாளைக்குக் கிளம்பறோம். காலையில சொன்னாப் போதும்."

"சொல்றேன்" என்றாள் சின்னவள்.

அவர் ஸ்வெட்டரைக் கழற்ற மனசில்லாமல் போட்டுக்கொண்டே போய்விட்டார்.

கடைக்காரி நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆர்டர் கிடைத்தாயிற்று. கடை பிழைத்தது. ஒரு வாரமாக எவள் வீட்டைவிட்டுப் போகவேண்டும் என்று நினைத்தாளோ, அவள் போவதற்கும் வழி பிறந்தாயிற்று. கேட்டதெல்லாம் ஒரே நாளில் கிடைத்துவிட்டது. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது.

வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. இனிமேல் மறைக்க நேரமில்லை.

"உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்றாள். "உன் வீட்டுக்காரர் இன்னைக்கு வர்றார்."

"தெரியும் அண்ணி."

"நான்தான் உங்க அண்ணன்கிட்ட சொல்லி வரவழைச்சேன்."

"அதுவும் தெரியும். அண்ணன் அன்னைக்கே சொல்லிட்டார்."

நடுமாடியில் நிற்கிற மனுஷன் என்று நினைத்தால், அவர் இரண்டு மாடியிலும் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். கடைக்காரி சின்னவளைப் பார்த்தாள்.

"தெரிஞ்சுமா எனக்காக ராப்பகலா உட்கார்ந்து பின்னினே?"

"உங்களுக்காகப் பின்னலை." சின்னவள் அதையும் அதே குரலில்தான் சொன்னாள். "அன்னைக்கு அந்த மனுஷன் வந்தப்போ, தாள் படிக்க ஆளில்லைன்னு புலம்பினாரே, நினைவிருக்கா? நீங்க என்னை அனுப்பிடுவீங்கன்னு தெரிஞ்சுபோச்சு. அங்கே திரும்பிப் போக எனக்கு இஷ்டமில்லை. மூணாவதா ஒரு வழி வேணும்ல? அவர் கண்ணுல படணும்னுதான் பின்னினேன். அது உங்க கடையையும் காப்பாத்தினது உபரி."

ஆக, காலையிலிருந்து தையலே தெரியாமல் பார்த்துப் பார்த்துத் தைத்தது, இவள் போவதற்கான சட்டையை! கடைக்காரிக்கு வலித்தது. வலித்ததை மறைக்க அவளுக்கு எப்போதுமே தெரியாது.

"நேத்துவரைக்கும் நீ போனாத் தேவலைன்னு நினைச்சேன். பொய் சொல்லமாட்டேன்" என்றாள். "இன்னைக்கு உன் பக்கத்துல உட்கார்ந்து தைச்சதுக்கு அப்புறம், நீ போகக் கூடாதுன்னு இருக்கு. நிஜமாத்தான் சொல்றேன்."

சின்னவள் ஊசிகளைத் துடைத்து உறையில் போட்டுக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது. ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"யாரும் இல்லையா?" என்று வாசலில் குரல் கேட்டது.

மாப்பிள்ளை பளிச்சென்று தலை வாரிக்கொண்டு வந்திருந்தார். பிரயாணம் செய்த களைப்பே தெரியவில்லை. "வாங்க" என்றாள் கடைக்காரி. சின்னவளும் "வாங்க" என்றாள். அவர் உட்காரவில்லை. கடையைச் சுற்றிப் பார்த்துப் புன்னகைத்தார்.

"உன் பெட்டி எங்கே? ரெண்டு டிக்கெட் எடுத்துட்டுத்தான் வந்திருக்கேன். ராத்திரி பஸ்ஸு. முன்சீட்டு, உனக்கு வாந்தி வராது. வீட்டுல உன் ரூமுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சு வெச்சிருக்கேன். என்ன கலர்னு போய்ப் பாரு. கிளம்பு, கிளம்பு."

ஒரு கேள்வியாவது கேட்பார் என்று கடைக்காரி காத்திருந்தாள். அவர் கேட்கவில்லை. சின்னவளின் விரல்கள் ஊசி உறையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தன. கடைக்காரிக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. விறுவிறுவென்று எழுந்து இரண்டு பேருக்கும் நடுவில் வந்து நின்றாள்.

"டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துடுங்க" என்றாள். "உங்களை வரச் சொன்னது நான்தான். அது என் தப்பு. இவ உங்ககூட வரப்போறதில்லை. எந்த நாடகக் கம்பெனிக்கும் போகப்போறதில்லை. இங்கே என்கூட, இந்தக் கடையிலதான் இருக்கப்போறா. அவ்வளவுதான்!"

மாப்பிள்ளை திகைத்துப்போய், "என்னக்கா இது?" என்றார்.

கடைக்காரி பெருமூச்சு விட்டாள். வெகுநாளைக்குப் பிறகு ஒரு நல்ல காரியம் செய்த நிம்மதியோடு நாத்தனார் பக்கம் திரும்பினாள்.

சின்னவள் ஊசி உறையை மேஜைமேல் வைத்தாள். அண்ணியை நேராகப் பார்த்தாள்.

"அதையும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்களா, அண்ணி?"